பழைய பூட்லோடரைத் தொடாமல் புதிய லினக்ஸ்: இன்ஸ்டாலர்கள் ஓர் ஒப்பீடு

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் குமரி மாவட்டத்தில் இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன; அவற்றில் விண்டோஸும் இந்திய லினக்ஸ் வடிவமான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. களியக்காவிளை போன்ற எல்லை ஊர்களில், கேரளப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்காக உபுண்டுவிலிருந்து உருவான கைட் லினக்ஸும் அதே கணினியில் இடம் கேட்கலாம். இப்படி ஏற்கெனவே ஒழுங்காக வேலை செய்யும் பூட் மெனு (எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) உள்ள கணினியில் இன்னொரு லினக்ஸைச் சேர்க்கும்போது, அந்த மெனுவுக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்வதே முதல் கடமை.

கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸ் வகையாக இருந்தால் இது உயிர்நாடியான விஷயம். வட்டின் முதல் செக்டாரான 512 பைட்டில், இயங்குதளத்தை எழுப்பும் பூட் நிரலுக்கு (பூட்லோடருக்கு) உள்ள இடம் 446 பைட் மட்டுமே. புதியது எழுதப்பட்டால் பழையது அழிந்துவிடும். அந்த 446 பைட்டை முன்கூட்டியே நகலெடுத்து வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பழைய பூட்லோடர், லினக்ஸில் வழக்கமாக வரும் கிரப் என்றால், அதன் இரண்டாம் பகுதி பெரும்பாலும் அடுத்தடுத்த செக்டார்களில் இருப்பதால், அந்த நகல் மட்டும் அதை மீட்டுத் தராது. பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ வகைக் கணினியில் ஒவ்வொரு இயங்குதளமும் இஎஃப்ஐ பார்டிஷனில் (பூட் கோப்புகளுக்கான வட்டுப் பகுதியில்) தனக்கென ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்வதால், பழைய கோப்பு பெரும்பாலும் தப்பிவிடும். மாறுவது மதர்போர்டின் நினைவில் உள்ள பூட் வரிசைதான்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் பார்த்தால், பல லினக்ஸ்களில் வரும் கலமாரிஸ் இன்ஸ்டாலர் பாதி மதிப்பெண்தான் பெறும். பயாஸ் முறையில், கைமுறைப் பார்டிஷன் பக்கத்தில் பூட்லோடர் வேண்டாம் என்ற தேர்வை அது தருகிறது. யூஇஎஃப்ஐ முறையில் அந்தப் பட்டியலையே காட்டுவதில்லை. ஃபெடோரா லினக்ஸின் இன்ஸ்டாலரான அனகோண்டாவின் பழைய முகப்பில், வட்டுத் தேர்வுப் பக்கத்தின் அடியில் உள்ள சிறிய இணைப்பைத் திறந்தால் பூட்லோடர் நிறுவ வேண்டாம் என்ற பொத்தான் கிடைக்கும். எளிதில் கண்ணில் படாது என்பதே அதன் குறை.

லினக்ஸ் மின்ட் 22 பயன்படுத்தும் யுபிக்விட்டி இன்ஸ்டாலரில், பூட்லோடரை எழுத வேண்டிய வட்டைப் பட்டியலில் தேர்ந்தெடுப்பதை மட்டும் நம்பக் கூடாது. யூஇஎஃப்ஐ முறையில் நாம் இரண்டாம் வட்டைக் காட்டினாலும் அது முதல் வட்டின் இஎஃப்ஐ பார்டிஷனிலேயே எழுதிவிடுவது நெடுநாள் குறை. மேலும் உபுண்டுவிலிருந்து வந்த மின்ட்டும் குபுண்டுவும் உபுண்டு என்ற ஒரே ஃபோல்டர் பெயரையே பயன்படுத்துவதால், இந்தக் குடும்பத்தில் இரண்டை ஒரே கணினியில் வைத்தால் பின்னது முன்னதன் கோப்புகளை மேலெழுதிவிடும். டெர்மினலில் யுபிக்விட்டி என்று ஆங்கிலத்தில் (ubiquity) அடித்து, இடைவெளி விட்டு, ஒரு கழித்தல் குறியும் சிறிய பி எழுத்தும் சேர்த்துத் தொடங்கினால், பூட்லோடர் கட்டமே தவிர்க்கப்படும். உபுண்டு டெஸ்க்டாப் 23.04 முதல் வேறு இன்ஸ்டாலருக்கு மாறிவிட்டதால் அங்கே இந்த வழி உதவாது.

என் தேர்வு டெபியன். அதன் இன்ஸ்டாலரை எக்ஸ்பர்ட் முறையில் தொடங்கி, மெனுவிலிருந்து நேரடியாகப் பூட்லோடர் இன்றித் தொடர்வதைத் தேர்ந்தெடுத்தால், அது சம்மதித்து விலகிக்கொள்வதோடு, எந்தப் பார்டிஷனில் உள்ள எந்தக் கர்னலை (இயங்குதளத்தின் மையக் கோப்பை) எந்த ரூட் அளவுருவோடு (லினக்ஸின் முதன்மைப் பார்டிஷன் எது என்ற குறிப்போடு) எழுப்ப வேண்டும் என்பதையும் திரையில் காட்டுகிறது. அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் சர்வீஸ் கடைக்குக் கணினியைத் தூக்கிச் செல்லும் அலைச்சலை அந்த ஒரு வரி மிச்சப்படுத்தும்.

அடுத்து, பழைய லினக்ஸின் கிரப் மெனுவில் புதியதற்கு ஒரு பதிவு சேர்க்க வேண்டும். கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்கினாலும், அது கர்னலின் பதிப்பு எண்ணோடு பதிவதால், புதிய அமைப்பில் கர்னல் புதுப்பிக்கப்பட்டதும் அந்தப் பதிவு பழசாகிவிடும். டெபியன் தன் ரூட்டில் (முதன்மை ஃபோல்டரில்) எப்போதும் நடப்புக் கர்னலைச் சுட்டும் இணைப்புக் கோப்புகளை வைத்திருக்கிறது. கையால் எழுதும் பதிவு அவற்றைச் சுட்டினால் அடுத்தடுத்த புதுப்பிப்புகளிலும் நிலைக்கும்.

கணினியில் விண்டோஸ் மட்டுமே இருந்தால் பூட்லோடர் இன்றி நிறுவும் இந்த வழி பொருந்தாது, ஏனெனில் புதிய லினக்ஸை எழுப்ப அங்கே கிரப்பே இல்லை. யூஇஎஃப்ஐ கணினி என்றால், புதியதைத் தன் ஃபோல்டரில் எழுத விட்டுவிட்டு, பிறகு பூட் வரிசையில் விண்டோஸை மீண்டும் முதலிடத்தில் வைப்பதே மேல். வட்டை மறையாக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினியில் வரிசை மாறியதும் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும் என்பதால், நிறுவலைத் தொடங்கும் முன்பே அந்த 48 இலக்கச் சாவி கையில் இருக்க வேண்டும்.