சுவீடனின் பழைய கட்டடக்கலை அஞ்சலட்டைகள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

1950, 60களின் சுவீடன் நவீனக் கட்டடங்களைக் காட்டும் பட அஞ்சலட்டைகளைத் தேடுபவர்கள் பலரும் ஸ்டாக்ஹோமின் ஹோதோரியெட் கோபுரங்களில்தான் தொடங்குவார்கள். 1952 முதல் 1966 வரை கட்டப்பட்ட அந்த ஐந்து கோபுரங்களின் வண்ண அட்டைகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. ஒன்று போதும். மிச்சப் பணத்தைச் சிற்றூர்க் கடைத்தெருக்களின் கறுப்பு வெள்ளை அட்டைகளில் போடுங்கள்.

காரணம் அட்டையின் தரம்தான். வண்ண அட்டை ஆஃப்செட் அச்சு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் படம் புள்ளிகளாகச் சிதறிவிடும். பின்புறம் 'எக்தா ஃபோட்டோகிராஃபி', அதாவது அசல் புகைப்படம் என்று போட்டிருக்கும் கறுப்பு வெள்ளை அட்டை, புகைப்படத் தாளிலேயே கழுவி எடுத்தது. அதே லென்ஸில் கடைப் பலகையின் எழுத்து, ஜன்னல் சட்டம், பால்கனித் தகடு எல்லாம் தெளிவாகத் தெரியும். சுவீடனில் இந்த வகை 60களிலும் வண்ண அட்டைகளோடு கூடவே விற்றது. அதனால் நவீனக் கட்டடங்களுக்கும் தாராளமாகக் கிடைக்கிறது.

முதலில் வாங்க வேண்டியது வெலிங்பி. ஸ்வென் மார்கேலியுஸ் திட்டமிட்டு 1954 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்ட, ஸ்டாக்ஹோமின் புறநகர் மையம் அது. தரையில் எரிக் க்ளெம்மே வரைந்த வட்ட வட்டமான கல்பாவு, உயரத்திலிருந்து எடுத்த படத்தில்தான் முழுமையாகத் தெரியும். தரைமட்டத்தில் எடுத்த அட்டையைத் தயங்காமல் விட்டுவிடலாம். ஓரெப்ரோவின் காளான் வடிவ நீர்த்தொட்டி ஸ்வாம்பென் (1958), பனிச்சறுக்கலாம் என்ற அளவுக்குக் கூரை தரைவரை சரியும் ரால்ஃப் எர்ஸ்கினின் போரியாஃபியெல் விடுதி, இவையும் நல்ல தேர்வு. ஆனால் மனத்துக்கு மிக நெருக்கமானது கிரூனா நகர மன்றம். ஆர்துர் ஃபோன் ஷ்மாலென்சே வடிவமைத்த அந்தக் கட்டடம் 1964இல் சுவீடனின் கட்டடக்கலைப் பரிசான காஸ்பர் சாலின் பரிசைப் பெற்றது. இரும்புத்தாதுச் சுரங்கத்தால் நிலம் ஆட்டம் கண்டதால் இன்று அது இல்லை. மணிக்கூண்டு மட்டும் புதிய மன்றத்தின் அருகே நிற்கிறது. உள்கூடத்தைக் காட்டும் அட்டை கண்ணில் பட்டால் விலை கொஞ்சம் கூடுதலானாலும் விடாதீர்கள்.

ஆண்டைக் கணிக்க அஞ்சல் முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. பழைய படத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். முத்திரை சொல்வது 'இதற்குப் பிந்தியதல்ல' என்பதை மட்டுமே. தெருவைப் பாருங்கள். கார்கள் இடப்பக்கம் ஓடினால் படம் 1967 செப்டம்பர் 3க்கு முந்தையது, அன்றுதான் சுவீடன் வலப்பக்கப் போக்குவரத்துக்கு மாறியது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பது உதவாது, ஏனென்றால் அதற்கு முன்பே பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம்தான். முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1968 மே மாதத்துக்குப் பின் அனுப்பியது. வெளியீட்டாளர் ஆல்ம்க்விஸ்ட் - கெஸ்டர் என்றால் அவர்களுடைய ஊரான ஹெல்சிங்போரியைக் கவனியுங்கள்: இரண்டாம் எழுத்தின் தலையில் இரு புள்ளி (ä) இருந்தால் 1971க்கு முந்தைய அச்சாகவே இருக்கும், அந்த ஆண்டுதான் ஊர்ப்பெயரில் அது e ஆக மாறியது. வான்வழிப் படங்களுக்கு ராணுவத் தலைமையின் அனுமதி வேண்டியிருந்தது. அந்தக் குறிப்பு தேதியோடு பின்புறம் இருந்தால் படம் அந்தத் தேதிக்கு முன் எடுத்தது.

ட்ரடேரா ஏலத் தளத்தில் தேர்வு அதிகம். வெளிநாட்டுக்கு அனுப்பாத விற்பனையாளர்களும் அங்கே உண்டு என்பதால், ஏலம் கேட்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். ஒருவரிடமே பல அட்டைகளை எடுத்து 'சாம்ஃப்ராக்ட்', அதாவது ஒரே பொதியாக அனுப்பச் சொன்னால் அஞ்சல் செலவு மிச்சம். பின்புறப் படம் போடாதவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்: ஆல்பத்திலிருந்து பிய்த்த பசைத் தடம், தபால்தலையை உரித்தபோது கிழிந்த மேல்தாள், முள் குத்திய துளை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். புற ஊதா விளக்கில் தாள் ஒளிர்ந்தால் போலி என்று சொல்வது முதல் உலகப் போர்க்கால அட்டைகளுக்குப் பொருந்தலாம். 50களிலிருந்து தாளிலேயே வெண்மையூட்டி சேர்க்கப்பட்டதால் இங்கே அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது.

உறை வாங்கும்போது அளவைப் பாருங்கள். பழையவை 9 x 14 செ.மீ., 60களில் பரவியவை 10.5 x 14.8 செ.மீ. பெரிய உறையில் சின்ன அட்டை ஆடி ஆடி மூலை மழுங்கும். பிவிசி வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் எடுங்கள். கறுப்பான இடங்களில் சாய்த்துப் பார்த்தால் நீல வெள்ளிப் பளபளப்பு தெரிகிறதா? வெள்ளித் துகள் மேலே வந்துவிட்டது. துடைத்தால் படமே போய்விடும், தொடாதீர்கள். சட்டமிடும்போது கண்ணாடியும் படமும் தொடாதபடி நடுவே தடித்த தாளில் வெட்டிய விளிம்பு (மவுண்ட்) கட்டாயம் வேண்டும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு பிரித்தால் படம் கண்ணாடியோடு போய்விடும்.