சின்ன ரூமுக்கு லாஃப்ட் கட்டில் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் படிக்கவும்: எனக்குப் போனது 78,400 ரூபாய்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும், விடு" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு நானும் விட்டுவிடுவேன். 78,400 ரூபாய். வரியோடு சேர்த்து, ஒரு பைசா பாக்கி இல்லாமல் கட்டிய பணம். இன்று காலையில் மெயில் வந்திருக்கிறது, என் புகார் "முடித்து வைக்கப்பட்டது" என்று.

பெயர் போடவில்லை. ஆப் வழியாக வீட்டு இன்டீரியர் வேலை எடுத்துச் செய்யும் தளம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். ஒன்று எங்களுக்கு, ஒன்று மாமியாருக்கு. பையனுக்கு மிஞ்சியது, பில்டர் வரைபடத்தில் 'ஸ்டடி' என்று போட்டிருக்கும் அறை. 9 அடிக்கு 7 அடி. பெட்ரூம் என்று போட அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும். பையன் பிளஸ் ஒன், 5 அடி 10 அங்குலம், இன்னும் வளர்கிறான். அவன் கேட்டதெல்லாம் சாத்திக்கொள்ள ஒரு கதவு. அந்த வயதுக்கு அது நியாயம்தான். கட்டில், படிக்கிற மேஜை, துணி அலமாரி, அவனுடைய கீபோர்டு நான்கும் அந்த அறைக்குள் அடங்க வேண்டும். மேலே கட்டில், கீழே மேஜை என்று லாஃப்ட் கட்டிலுக்குப் போனது அதனால்தான்.

அளவெடுக்க டிசைனர் என்று ஒருவர் வந்தார். 25 வயதுக்கு மேல் இருக்காது. லேசர் கருவியைச் சுவரில் வைத்துச் சிவப்புப் புள்ளி அடித்து, ஜன்னல் விளிம்பு முதல் ஸ்விட்ச் போர்டு வரை அளந்து போனில் ஏற்றிக்கொண்டார். அதுகூடப் பெரிதில்லை. என்னை விட்டுவிட்டு என் பையனிடம் பேசினார். "தம்பி, எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்ப? ராத்திரி எத்தனை மணி வரைக்கும் முழிச்சிருப்ப? கீபோர்டு உக்காந்து வாசிப்பியா, நின்னா?" எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அவனிடம் மார்க்கைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. அவனும் வாயைத் திறந்து கடகடவென்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டான். கிளம்பும்போது அந்த டிசைனர், "அக்கா, இது எங்க வீட்டு ரூம் மாதிரி நினைச்சுப் பண்ணித் தரேன், கவலையே படாதீங்க" என்றார். 78,400 ரூபாயில் பாதி அந்த நிமிடமே கையை விட்டுப் போய்விட்டது என்று இப்போது தெரிகிறது.

அப்புறம் 3டி படம் வந்தது. பார்த்தால் ஆசையாகத்தான் இருந்தது. வெள்ளைச் சுவர், மேலே கட்டில், அடியில் மேஜை, பக்கவாட்டில் தள்ளுகிற கதவு வைத்த அலமாரி, மூலையில் ஒரு செடி வேறு. ஆப்பிலேயே ஒப்புதல் பட்டன். புக்கிங்குக்கு 7,840 கட்டியிருந்தோம். தொழிற்சாலையில் வேலை தொடங்க 39,200. மீதி 31,360-ஐ லாரி ஏறுவதற்கு முன்னால் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு கிளம்பாது. அதாவது, பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே முழுப் பணமும் அவர்கள் கையில்.

பொருத்த வந்தவர்களில் வயதானவர் ஒருவர் வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ஃபேனை மட்டும் போட்டுடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முதலில் விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

கணக்கைப் பாருங்கள். அறையின் அகலம் 7 அடி, ஃபேன் நட்டநடுவில், சுவரிலிருந்து மூன்றரை அடியில். சாதாரண 48 இன்ச் ஃபேனுக்கு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 2 அடி இறக்கை. கட்டில் சுவரை ஒட்டி 3 அடி அகலம். ஆக, கட்டிலுக்கு மேலே ஒன்றரை அடி தூரம் இறக்கை சுற்றுகிறது. மெத்தையின் மேல்பக்கம் தரையிலிருந்து 6 அடி, இறக்கை எட்டரை அடியில். தூக்கக் கலக்கத்தில் என் பையன் எழுந்து உட்கார்ந்தால் அது அவன் முகத்துக்கு நேராக வரும். அந்த 3டி படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். படத்தில் ஃபேனே இல்லை! செடி இருக்கிறது, ஃபேன் இல்லை. சென்னையில் ஃபேன் இல்லாத அறையை யார் வரைவார்கள்?

தள்ளுகிற கதவு என்று காட்டிய அலமாரி, வெளிப்பக்கம் திறக்கிற கதவோடு வந்தது. துணி எடுக்க வேண்டுமானால் ரூம் கதவைச் சாத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இடித்துக்கொள்ளும். இது ஒன்றுதான் என் பையனுக்குப் பிடித்திருக்கிறது.

போன் பண்ணினேன். ஒவ்வொரு முறையும் வேறு குரல். "மேம், ஃபேன் எங்க ஸ்கோப்ல வராது." "மேம், அந்த டிசைனர் இப்ப வேற டீமுக்குப் போயிட்டாரு." "டிக்கெட் போட்டிருக்கேன் மேம், சீனியர் கூப்பிடுவாங்க." எந்த சீனியரும் கூப்பிடவில்லை. ஆப்பில் இருக்கிற சாட் பெட்டி, நான் எத்தனை முறை திறந்தாலும் "வணக்கம், இன்று உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாக ஒரு அம்மணி கிடைத்தார். "நீங்கதான் டிசைனுக்கு ஒப்புதல் குடுத்திருக்கீங்க மேம்" என்றார். எதற்குக் கொடுத்தேன்? ஃபேன் இல்லாத படத்துக்கு, தள்ளுகிற கதவு வைத்த படத்துக்கு. அதைச் சொன்னதும், "குட்வில்லா ஒரு கூப்பன் தரோம் மேம், அடுத்த ரூமுக்கு 5,000 ரூபாய் தள்ளுபடி." அடுத்த ரூமுக்கு நான் எங்கே போவேன்? அப்படி ஒன்று இருந்திருந்தால் இந்த லாஃப்ட் கட்டிலே தேவைப்பட்டிருக்காது.

கட்டிலை இறக்கி வைக்க முடியுமா என்று பார்க்கத் தெருவில் இருக்கிற கார்பென்டரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு ஸ்குரூவைக் கழற்றினார். ஸ்குரூவோடு கூடவே மரத்தூளும் கொட்டியது. ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் உரித்துக் காட்டினார். பிளைவுட் என்றால் உள்ளே அடுக்கு அடுக்காகத் தெரிய வேண்டும். இங்கே பொரிவிளங்காய் உருண்டையை உடைத்த மாதிரி பொறுக்கு பொறுக்காக இருந்தது. "அக்கா, இது பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளை ஒட்டி அழுத்தின பலகை. ஆள் ஏறிப் படுக்கிற கட்டிலுக்கு இதையா போடுவாங்க?" கொட்டேஷனை எடுத்தேன். கொட்டை எழுத்தில் 'ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்' என்று, அதாவது தண்ணீர் தாங்கும் உயர்ரகப் பிளைவுட் என்று இருக்கிறது. போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். பதில்: "உள் குழு ஆராய்ந்து வருகிறது."

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அங்கே தளம் கொடுத்த பதில்தான் இன்று காலை மெயிலில் வந்தது: வாடிக்கையாளருக்கென்று தனியாகச் செய்த பொருள், பணம் திரும்பாது. மரைன் பிளைவுட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு தூள் பலகையை அனுப்பியதைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். 78,400 ரூபாயை நான் விடப் போவதில்லை.

சின்ன அறையைப் பையனுக்குச் சரிசெய்வது எப்படி என்று விவரமாக எழுதுகிறேன் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதற்கு இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும் சொல்லிவிடுகிறேன். சீலிங் ஃபேன் இருக்கிற அறையில், அதைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டாமல் லாஃப்ட் கட்டிலைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள். உட்கார்ந்தால் தலைக்கு மேல் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று டேப் பிடித்துப் பாருங்கள், மெத்தையின் கனத்தையும் சேர்த்து. 3டி படத்தில் ஃபேன், ஸ்விட்ச், ரூம் கதவு திறக்கும் பக்கம் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கேளுங்கள், வெட்டிய ஓரத்தைப் பட்டை ஒட்டுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் கார்பென்டர் சொல்வது, இவ்வளவு சின்ன அறைக்குத் தாழ்வான கட்டிலும் அடியில் இழுப்பறையும் கதவுக்கு மேலே பரணும் போதும் என்று. அவர் கேட்கிற கூலி அந்த 31,360-ஐவிடக் குறைவு.

இப்படி ஒரு தளத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டு லாரிக்காகக் காத்திருப்பவர்கள் இருந்தால், அந்தக் கடைசித் தவணையை இன்றைக்குக் கட்டாதீர்கள். முதலில் தொழிற்சாலைக்கு நேரில் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.