மராடருக்கு ஜகர்நாட்: பல லீக் ஓட்டிப் பார்த்த பிறகு

நண்பன் ஒருத்தன் பாத் ஆஃப் எக்ஸைல் கேமை ஆரம்பித்திருக்கிறான். மராடர் என்கிற முரட்டு ஆளை எடுத்து, கதையின் மூன்றாவது ஆக்ட் வரைக்கும் வந்துவிட்டானாம். "மச்சி, ஜகர்நாட்டா, பெர்சர்கரா, சீஃப்டனா? ஒரே வார்த்தைல சொல்லு" என்று கேட்டான். மூன்றும் மராடர் எடுக்கக்கூடிய உட்பிரிவுகள். ஜகர்நாட் என்று அனுப்பிவிட்டேன். அனுப்பியும் மனசு ஆறவில்லை, அதனால் மீதியை இங்கே கொட்டுகிறேன்.

கேம் என்ன ஏது என்று விளக்கப் போவதில்லை. 2013-இல் வந்தது, இலவசம், திறன் மரத்தைத் திறந்தால் ஆயிரத்துக்கும் மேல் புள்ளிகள் வானத்து நட்சத்திரம் மாதிரி விரியும், பாதிப் பேர் அங்கேயே மூடிவிட்டு ஓடிவிடுவார்கள். அசெண்டன்சி என்கிற உட்பிரிவு 2016 மார்ச்சில் சேர்ந்தது. அதை வாங்க லேப், அதாவது லேபிரிந்த் என்கிற பொறிகள் நிறைந்த இடத்தை முடிக்க வேண்டும். நான்கு லேப், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி, ஆக எட்டு. இது தெரிந்தால் மேலே படிக்கலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குச் சொல்லப் பொறுமை இருக்காது. ஜகர்நாட்டில் அன்ஸ்டாப்பபிள் என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் உன் வேகத்தை யாரும் அதன் அடிப்படை அளவுக்குக் கீழே இழுக்க முடியாது. படிக்கும்போது இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். மற்ற கிளாஸில் என்ன ஆகும் என்று பாருங்கள்: குளிர் அடிக்கிற ஒரு கூட்டம் வந்து ஒரே அடியில் உறைய வைக்கும், திரையில் நம்ம ஆள் பனிக்கட்டிக்குள் சிலையாக நிற்பான், ஃபிளாஸ்க் (மருந்துக் குப்பி) பட்டனை எத்தனை தடவை குத்தினாலும் ஒன்றும் நடக்காது, நின்ற இடத்திலேயே சாவான். ஜகர்நாட் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அது பாட்டுக்கு நடந்து போகும். கதை முடிந்த பிறகு ஆடுகிற மேப்பில் ஆளை மெதுவாக்கும் டெம்போரல் செயின்ஸ் சாபம் என்று எழுதியிருந்தால் மற்றவர்கள் அந்த மேப்பின் விதிகளையே மாற்றிக்கொள்வார்கள், ஜகர்நாட் வைத்திருப்பவன் பாட்டுக்கு உள்ளே போய்விடுவான். (நம்மேல் பட்ட விஷம், தீ எல்லாம் தீர நேரமாகும், அந்தப் பகுதி அவனுக்கும் உண்டு. ஆனால் கால் நிற்காது.) இந்த ஒரு சந்தோஷம் எத்தனை லீக் (புது ஆளோடு தொடங்குகிற சீசன்) போனாலும் எனக்குப் பழகவே இல்லை.

அப்புறம் அன்பிரேக்கபிள், மார்புக் கவசத்தின் ஆர்மரை, அதாவது அடியைக் குறைக்கிற எண்ணை, இரட்டிப்பாக்குவது. அடி தாங்க உதவுகிற எண்டூரன்ஸ் சார்ஜ் சமாச்சாரம் தனி. எல்லாம் சேர்ந்தால் சின்னச் சின்ன அடிகள் மேலே பட்டதே தெரியாது. பெரிய அடிக்கு ஆர்மர் அவ்வளவாக உதவாது என்பது இந்த கேமின் கணக்கு, அது எந்தக் கிளாஸுக்கும் பொது, அதற்கு ஜகர்நாட்டைத் திட்டுவதில் நியாயமில்லை. டேமேஜ் குறைவு என்பார்கள், பொருள் சரியாகச் சேர்ந்தால் போதுமானது வரும். சீஃப்டன் நெருப்பை வைத்து அடிக்கிற ஆளுக்கு நன்றாக இருக்கும், எனக்கு ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

சரி, இப்போது லேப்.

ஜகர்நாட் என்றால் என்ன? நின்று அடி வாங்குகிறவன். இரண்டு காலையும் ஊன்றி நின்று, வருகிறதையெல்லாம் மேலே வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்கிறவன். அந்தப் பட்டத்தை வாங்க அவன் என்ன செய்ய வேண்டும்? ரம்பத்துக்கும் ஈட்டிக்கும் நடுவில் குதித்துக் குதித்து ஓட வேண்டும். அங்கே உள்ள பொறிகள் உன் மொத்த உயிரில் இத்தனை பங்கு என்று கணக்குப் பார்த்துத்தான் எடுக்கும். நீ எவ்வளவு உயிர் சேர்த்திருந்தாலும் அதற்குக் கவலை இல்லை, உன் ஆர்மரை அது மதிக்கவே மதிக்காது. காகிதம் மாதிரி இருக்கிற விட்ச்சும் இரும்புத் தூண் மாதிரி இருக்கிற மராடரும் அங்கே ஒன்றுதான். சொல்லப்போனால் மராடர் ஒரு படி கீழே, வேகமாகக் கால் வைக்கத் தெரிந்த மற்றவர்கள் ஜம்மென்று போய்விடுவார்கள். லாரி ஓட்ட லைசென்ஸ் கேட்டால் குளத்தில் நீந்திக் காட்டு என்கிற கதை இது.

ஒரு நடையை மட்டும் சொல்கிறேன். நீளமான வராண்டா, தரையில் குறுக்கே தண்டவாளம் மாதிரி வரிகள், அதில் பற்சக்கரங்கள் போய் வந்துகொண்டிருக்கும். இரண்டு சக்கரம் ஒரே தாளத்தில் ஓடும், மூன்றாவது கொஞ்சம் பிந்தி வரும், அந்தப் பிந்தல்தான் ஆளைக் கொல்லும். முதல் இரண்டைத் தாண்டிய தெம்பில் காலை எடுத்து வைப்பாய், மூன்றாவது வந்து முட்டும், பதறி ஒரு அடி பின்னால் வைப்பாய், அங்கே இரண்டாவது திரும்பி வந்திருக்கும். லீப் ஸ்லாம் என்கிற குதிக்கிற திறனைப் போட்டுத் தாண்டலாம் என்று பார்த்தால் குதித்து இறங்குகிற இடத்தில் தரையிலிருந்து ஈட்டி முனைகள் எழும்பும். உயிர் போனால் முதலிலிருந்து. பாதியில் ஊருக்குத் திரும்பி மூச்சு வாங்கிக்கொண்டு வர போர்ட்டலும் கிடையாது.

இணைப்பு அறுந்தாலும் இதே கதிதான். எங்கள் தெருவில் இரவு ஒன்பதுக்கு மேல் நெட் எப்படி இருக்கும் என்று தெரியும், பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது. லேப்பின் பாஸ் இசாரோவை இரண்டு முறை அடித்து, மூன்றாவது கதவுக்கு முன்னால் நின்று ஃபிளாஸ்க் நிரப்பிக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே நின்றுவிட்டு, திரும்பி வந்தால் ஊரில் நிற்பேன். இது ஒரு தடவை நடந்த கதை இல்லை. மோடத்தை இன்வெர்ட்டரில் மாட்டியதே இந்த லேப்புக்காகத்தான் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இசாரோவைப் பற்றி மட்டும் கெட்ட வார்த்தை பேச மாட்டேன், அது உண்மையிலேயே நல்ல சண்டை. ஒரே ஆளை ஒரே ஓட்டத்தில் மூன்று தடவை சந்திக்கிறோம். முதல் இரண்டு தடவை அவனுக்குப் பலம் சேர்க்கிறவற்றை நீ எப்படிக் கையாண்டாய் என்பதைப் பொறுத்துத்தான் மூன்றாவது தடவை அவன் எவ்வளவு பலத்தோடு வருவான் என்பது. அவசரப்பட்டு அவனையே அடித்துத் தள்ளிவிட்டுப் போனால் கடைசியில் அத்தனையையும் சேர்த்துத் தருவான். ஆயுதத்தை மெதுவாக மேலே தூக்கும்போது விலக வேண்டும், ஜகர்நாட் என்றாலும் விலகத்தான் வேண்டும். இங்கேயாவது கவசத்துக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது. சோதனை முழுக்க இப்படியே இருந்திருந்தால் நான் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன்.

கதையும் வேடிக்கைதான். வாரிசு இல்லாத பேரரசன் இசாரோ, தனக்குப் பிறகு ஆளத் தகுதியானவன் யார் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த லேப்பைக் கட்டினான். கடைசியில் ஜெயித்து அரியணை ஏறியவன் சைட்டஸ் பெராண்டஸ், அதுவும் குடும்பத்தார் செய்த சூழ்ச்சியால். அவன் ஆட்சி எப்படி இருந்தது என்பது கேமில் ஊர் ஊராகக் கிடக்கிற குறிப்புகளைப் படித்தால் தெரியும். கதைக்குள்ளேயே இந்தப் பரீட்சை தப்பான ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது, நம்மை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுக்குமா?

சரி, ஒருமுறை தானே, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று கேட்கலாம். ஒருமுறை இல்லை. நான்கு லேப் இருக்கிறது, இடத்தின் லெவல் 33, 55, 68, 75 என்று ஏறிக்கொண்டே போகும், நான்காவதில் நுழைய ஒவ்வொரு தடவையும் ஒரு காணிக்கை வேறு வைக்க வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை புது லீக் வரும், புது ஆள், மறுபடியும் நான்கு. உட்பிரிவை மாற்ற ஆசைப்பட்டால் எடுத்த புள்ளி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை லேப்பை முடிக்க வேண்டும். ஜகர்நாட் போரடிக்கிறது, பெர்சர்கர் ஆகிப் பார்க்கலாம் என்று தோன்றும்போதெல்லாம் அந்தப் பற்சக்கரங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும், ஆசை அடங்கிவிடும். காசு கொடுத்தால், அதாவது கேம் காசு கொடுத்தால், கூட்டிக்கொண்டு போய் முடித்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு தொழில் நடக்கிறது என்பதே அந்த இடத்தைப் பற்றிப் போதுமான விமர்சனம்.

போரடிக்கிறது என்று மேலே வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அதையும் பேசிவிடலாம். ஜகர்நாட்டில் தொண்ணூறு லெவல் தாண்டுவது சுலபம். அந்த உயரத்தில் ஒரு சாவு என்றால் அந்த லெவலின் அனுபவத்தில் 10% போய்விடும், ஒரு மாலை முழுக்க ஆடியது காணாமல் போவது மாதிரி, அதனால் சாகாத ஆள் கையில் இருப்பது பெரிய விஷயம். ஆனால் சாகாத ஆளை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டே ஆடிக்கொண்டிருப்பேன், திரையில் என்ன நடக்கிறது என்றே கவனம் இருக்காது. பெர்சர்கர் அப்படி விடாது. ஆஸ்பெக்ட் ஆஃப் கார்னேஜ் எடுத்தால் 40% கூடுதலாக அடிப்பாய், 10% கூடுதலாக வாங்குவாய். ரேஜ் என்கிற வெறி ஏற ஏறக் கை பறக்கும், ரைட் ஆஃப் ரூயின் எடுத்தவனுக்கு அந்த ரேஜே உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அடிப்பதை நிறுத்தினால் ரேஜ் வடிந்துவிடும் என்பதால் நிற்கவும் முடியாது. தம்பி ஒருத்தன் அதை வைத்து ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், சாகிறான், கத்துகிறான், சிரிக்கிறான், மறுபடி ஓடுகிறான். நான் அந்த நேரத்தில் டீ குடித்துக்கொண்டே ஒரு மேப்பை முடித்திருந்தேன்.

அதனால் மச்சி, ஜகர்நாட்டைப் பற்றி நான் மேலே எழுதிய ஒரு வரியையும் திரும்ப வாங்கவில்லை, மராடருக்கு அதைவிடப் பத்திரமானது கிடையாது, ஆனால் இன்றைக்கு என்னைக் கேட்டால் நீ பெர்சர்கர் எடு. எதை எடுத்தாலும் அதே ரம்பத்துக்கு நடுவில்தான் ஓடப் போகிறாய், அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்குவதில் கொஞ்சம் கூத்தாவது இருக்கட்டும். நாளைக்கு வேறு மாதிரி சொல்வேன், அது நாளைக்கு.

லேப்புக்குப் போவதற்கு முன்னால், முதல் லேப்பைத் திறக்கிற ஆறு சோதனையும் முடிந்ததா என்று பார்த்துக்கொள். மூன்றாவது ஆக்டில் இம்பீரியல் கார்டன்ஸில் ஒன்று ஓரமாக இருக்கும், கதை அந்தப் பக்கம் போகாது என்பதால் பல பேர் விட்டுவிட்டு பிறகு தேடிக்கொண்டு வருவார்கள். நடை வேகம் கூட்டுகிற குவிக்சில்வர் ஃபிளாஸ்க் ஒன்றுக்கு இரண்டாக மாட்டு. லேப்பின் அமைப்பு உலகம் முழுக்க எல்லோருக்கும் ஒரே மாதிரிதான், நம்ம ஊர் நேரப்படி காலை 5.30-க்கு மாறும், அன்றைய வரைபடத்தை யாராவது வரைந்து போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுப் போனால் பாதி நடை மிச்சம். உன் வீட்டு நெட் எப்படி என்று எனக்குத் தெரியாது, இரவு ஒன்பதுக்கு முன்னால் போய்விடு.