நானோவா, முழு நிறுவலா? ஓப்பன்சென்ஸ் பெட்டிக்கு எதை ஏற்றுவது

ஓப்பன்சென்ஸ், ஒரு கணினியை ஃபயர்வாலாக, அதாவது இணையப் போக்குவரத்தை வடிகட்டும் பெட்டியாக மாற்றும் மென்பொருள். அதைத் தரவிறக்கப் போனால் நான்கு இமேஜ் (எழுதத் தயாரான கோப்பு) கண்ணில் படும்: டிவிடி, விஜிஏ, சீரியல், நானோ. முதல் மூன்றிலும் இன்ஸ்டாலர் உண்டு, அதை ஓட்டி டிஸ்க்கில் பதிப்பதுதான் முழு நிறுவல். டிவிடியா பென்டிரைவா, திரை இருக்கிறதா சீரியல் கேபிளா என்பதுதான் வித்தியாசம். நானோ தனி ரகம். இன்ஸ்டாலரே கிடையாது. எஸ்டி கார்டில் அப்படியே எழுதிச் செருகினால் பூட் ஆகிவிடும். கார்டு 4 ஜிபி இருந்தால் போதும். அதைவிடப் பெரிதென்றால் மிச்ச இடத்தை முதல் பூட்டிலேயே எடுத்துக்கொள்ளும்.

வேகத்தில் நானோவுக்கும் முழு நிறுவலுக்கும் பேதமில்லை. விதிகள், விபிஎன், வெப் திரை எல்லாம் ஒன்றே. எஸ்எஸ்டி போட இடமுள்ள பெட்டி என்றால் முழு நிறுவல்தான் என் தேர்வு. முக்கியக் காரணம்: லாக், அதாவது நடந்ததை எழுதிவைக்கும் பதிவு, எங்கே போய் விழுகிறது என்பது.

மலிவான ஃபிளாஷ் கார்டு ஓயாத எழுத்தைத் தாங்காது. ஃபயர்வாலோ தடுத்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு வரி எழுதும். அதனால் நானோ, லாக் ஃபோல்டரையும் தற்காலிக ஃபோல்டரையும் ரேமில் ஒதுக்கிய இடத்தில் (ரேம் டிஸ்க்) வைக்கிறது. கார்டு பிழைக்கும், ஆனால் ரீபூட் ஆனதும் லாக் மொத்தமும் போய்விடும். நள்ளிரவில் பெட்டி தானாக ரீபூட் ஆனால், ஏன் என்று காலையில் பார்க்க ஒரு வரிகூட இருக்காது. ரிமோட் சிஸ்லாக் வழியாக லாக்கை வேறொரு கணினிக்கு அனுப்பலாம்தான். அதற்கென்று எப்போதும் விழித்திருக்கும் இன்னொரு பெட்டி வேண்டும்.

ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் சுரிகாட்டாவைப் போட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். அதன் எச்சரிக்கைகளும் இதே லாக் ஃபோல்டரில்தான் விழும். 2 ஜிபி ரேமில் சுரிகாட்டாவும் அதன் லாக்கும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். ரேம் டிஸ்க் நிரம்பியதும் புது வரி பதிவாகாது. ரேம் டிஸ்க்கை அமைப்புகளில் அணைத்துவிடலாமே என்றால், அணைத்த நாளிலிருந்து கார்டு தேயத் தொடங்கும். எத்தனை மாதம் தாங்கும் என்பது கார்டுக்குக் கார்டு மாறும், எண் சொல்லி உறுதி தருவதற்கில்லை.

முழு நிறுவலில் இந்தக் கவலை குறைவு. எஸ்எஸ்டி தன் எழுத்தைப் பரப்பிப் போட்டுத் தேய்மானத்தைச் சமாளிக்கும். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறையாக (ஃபைல் சிஸ்டம்) இசட்எஃப்எஸ் தேர்ந்தெடுத்தால், திடீரென மின்சாரம் போனாலும் அது பெரும்பாலும் சேதமின்றி எழும். நானோ பயன்படுத்தும் பழைய முறையான யூஎஃப்எஸ்ஸில், மின்சாரம் போன பிறகு சோதனை ஓடி, சில சமயம் கையால் சரிசெய்ய வேண்டிவரும். இசட்எஃப்எஸ்ஸில், புதிய பதிப்புகளில் அப்டேட்டுக்கு முன் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து, சொதப்பினால் பழையதற்கே திரும்பலாம். ஓப்பன்சென்ஸ் பிரிந்துவந்த மூலமான பிஎஃப்சென்ஸின் பழைய நானோவில் இதற்காகவே கார்டை இரண்டு பகுதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 256 எம்பி ரேமும் சிஎஃப் (காம்பேக்ட் ஃபிளாஷ்) கார்டுமாக இருந்த அலிக்ஸ் என்ற சின்னக் கணினிப் பலகைகளுக்கு அது பொருத்தமான ஏற்பாடு. 2017 அக்டோபரில் வந்த 2.4 பதிப்போடு பிஎஃப்சென்ஸ் நானோவையே கைவிட்டது.

நிறுவும்போது தடுக்கும் இடங்கள்: ஒரே டிஸ்க் என்றால் இசட்எஃப்எஸ்ஸில் ‘ஸ்ட்ரைப்’ தேர்வு செய்யுங்கள். யூஎஃப்எஸ் பக்கம் போனால் 8 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) வேண்டுமா என்று கேட்கும். 16 ஜிபி டிஸ்க்கில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லாக் வழக்கமாக 31 நாள் தங்கும், சின்ன டிஸ்க்கில் அதை 7 ஆக்கலாம். ரேம் 4 ஜிபி இருந்தால் நிம்மதி.

நானோவிலிருந்து மாறுவது எளிது. பேக்கப் பக்கத்தில் கான்ஃபிக் ஃபைலை (எல்லா அமைப்புகளும் உள்ள ஃபைல்) என்கிரிப்ட் செய்யாமல் இறக்கி, config.xml என்று பெயர் மாற்றி, ஃபேட்32 பென்டிரைவில் ‘கான்ஃப்’ (conf) என்ற ஃபோல்டருக்குள் போட்டு, இன்ஸ்டாலர் பூட் ஆகும்போது வரும் இம்போர்ட்டரில் அந்த டிரைவைக் கொடுத்தால் போதும். ஃபோல்டர் பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தர வேண்டும். பெட்டியும் மாறுகிறது என்றால் நெட்வொர்க் போர்ட்டுகளின் பெயர் மாறியிருக்கும். வேன் (WAN, வெளி இணைய போர்ட்), லேன் (LAN, வீட்டு போர்ட்) இரண்டையும் பெட்டியோடு நேரடியாக இணைத்த திரையிலோ சீரியல் கேபிளிலோ (கன்சோல்) மறுபடி ஒதுக்காமல் வெப் திரை திறக்காது.

இவ்வளவுக்கும் பிறகும் நானோவுக்கு ஒரு இடம் உண்டு: எஸ்டி கார்டைத் தவிர வேறெதுவும் ஏற்காத பழைய பலகை, கூடுதல் பிளகின் எதுவுமில்லாத வீட்டு இணைப்பு. அங்கே போக்குவரத்துக் கணக்கெடுக்கும் நெட்ஃப்ளோவை மட்டும் இயக்காதீர்கள். அதன் தரவு லாக் ஃபோல்டருக்கு வெளியே, நேராகக் கார்டிலேயே எழுதப்படும்.