கர்ப்பப்பை பாக்டீரியா டெஸ்ட் எடுக்கச் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஐவிஎஃப் (லேபில் கருவை உருவாக்கும் சிகிச்சை) செய்து எம்பிரியோ, அதாவது அந்தக் கரு, கர்ப்பப்பையில் ஒட்டாமல் போனவர்களிடம் இப்போது புதிதாக ஒன்றை விற்கிறார்கள். "கர்ப்பப்பையில் நல்ல பாக்டீரியா குறைவாக இருக்கலாம், எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்று மென்மையாகத்தான் தொடங்குவார்கள். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. அப்புறம் மாதக்கணக்கில் இழுத்து, அந்த நாளெல்லாம் எம்பிரியோவைக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் டிரான்ஸ்ஃபர் ஒன்றுகூட நடக்காமல், கடைசியில் நான் மையத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பேச்சை வேறு இடங்களிலும் கேட்டதாகப் பல பெண்கள் சொல்லிவிட்டார்கள், அதனால் இவர்கள் எப்படிப் பேசி விற்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

டெஸ்ட் இதுதான். பிறப்புறுப்பு வழியாக, கர்ப்பப்பை வாயைத் தாண்டி ஒரு மெல்லிய குழாயை விட்டு உள்சுவரில் துளி சதை எடுப்பார்கள். வலிக்கும், வலிக்காது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்தச் சதையில் இருக்கும் பாக்டீரியாக்களின் 16எஸ் என்ற மரபணுப் பகுதியைப் படித்து, எந்த வகை எத்தனை சதவீதம் என்று ரிப்போர்ட் வரும். லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது என்பது அவர்கள் கணக்கு. எனக்குக் குறைவாக வந்தது. டாக்டர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்துபோனார், மிச்சத்தை கவுன்சிலர் பார்த்துக்கொண்டார். அவர் கையில் தயாராக ஒரு வண்ணப் படம் இருந்தது: நல்ல பாக்டீரியா நிறைந்த பெண்களில் 58.8 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, மற்றவர்களில் வெறும் 6.7 சதவீதம். அதைப் பார்த்தபிறகு எந்தப் பெண்தான் வேண்டாம் என்பாள்?

அந்த எண்கள் பொய்யில்லை. 2016ல் கார்லோஸ் சிமோன் என்ற ஸ்பெயின் டாக்டரின் குழு வெளியிட்ட ஆய்வில் வருபவைதான். படத்தில் இல்லாதது என்னவென்றால், அந்த ஆய்வில் இருந்த ஐவிஎஃப் பெண்களே 35 பேர்தான், அவர்களில் 32 பேரை வைத்து வந்த அந்தச் சதவீதங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் 17 பேரில் 10 பேர், இன்னொரு பக்கம் 15 பேரில் ஒருவர். இந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேருக்குக் குழந்தை பிறந்திருந்தால் 6.7 என்பது 20 ஆகியிருக்கும். 90 சதவீதம் என்ற கோடும் அந்தச் சின்ன ஆய்விலிருந்து கிளம்பியதுதான். 89 வந்தால் நோயாளி, 91 வந்தால் ஆரோக்கியசாலி என்று உடம்புக்கு யார் சொல்லிக் கொடுத்தது? 2022ல் 342 பெண்களை வைத்து இன்னும் பெரிதாக ஒரு ஆய்வு வந்தது, அதிலும் தொடர்பு தெரிந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டுமே என்ன இருக்கிறது என்று பார்த்த ஆய்வுகள். மருந்து கொடுத்து பாக்டீரியாவை மாற்றினால் குழந்தை பிறக்குமா என்று அவற்றில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. எனக்கு விற்றதோ அந்த மருந்தைத்தான்.

எனக்கு அதிகம் கோபம் வந்தது ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தபோது. முதலில் என் போனுக்கு வந்தது ஒரே ஒரு பக்கம், சிவப்பு வட்டத்தோடு. முழுசாகக் கேட்டுக் கேட்டு, "அதில் எல்லாம் டெக்னிக்கல் விஷயம்தான் மேடம்" என்ற பதிலைத் தாண்டி, ஒருவழியாக வாங்கினால் அதில் லேப்காரர்களே எழுதியிருக்கிறார்கள்: மாதிரியில் பாக்டீரியா டிஎன்ஏ மிகக் குறைவு, முடிவைக் கவனத்தோடு எடுத்துக்கொள்ளவும். கர்ப்பப்பைக்குள் பாக்டீரியா இருப்பதே சொற்பம், பிறப்புறுப்பில் இருப்பதோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தச் சொற்பத்தை எடுக்கப்போகும் குழாய், பாக்டீரியா நிறைந்த வழியாகத்தான் உள்ளே போய் வெளியே வருகிறது. போதாததற்கு லேபில் பயன்படுத்தும் ரசாயனங்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், மாதிரி சின்னதாக இருந்தால் அதுவும் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். சதவீதம் மட்டும் சொல்வதால் மொத்தம் எவ்வளவு என்பதே தெரியாது. அந்த பாக்டீரியா உயிரோடு இருந்ததா செத்ததா என்பதையும் இந்த முறை சொல்லாது.

இன்னொன்று. கருமுட்டை எடுத்தபோது எனக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள், அது முடிந்த சூட்டோடு இந்தச் சதை எடுக்கும் பயாப்ஸி. சமீபத்தில் ஏதாவது ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்ததே அவர்கள்தானே, ஃபைலைத் திறந்தால் இருந்திருக்கும்.

அப்புறம் சிகிச்சை. ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக், கூடவே பிறப்புறுப்பில் வைக்கும், நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கேப்ஸ்யூல், அதுவும் அவர்கள் மருந்துக்கடையில் மட்டும் கிடைக்கிற பிராண்ட். ஆன்டிபயாடிக் முடிந்ததும் தாங்க முடியாத அரிப்பு, பூஞ்சைத் தொற்று, அதனால் டிரான்ஸ்ஃபர் அடுத்த சுழற்சிக்குத் தள்ளிப்போனது. மறுபடி பயாப்ஸி எடுத்தால் இந்த முறை லாக்டோபேசிலஸ் சதவீதம் இன்னும் குறைந்திருக்கிறது! "இன்னொரு கோர்ஸ் போடுவோம்" என்றார்கள். உறையவைத்த எம்பிரியோவுக்கு வயதாகாது, அவசரமே இல்லை என்று வேறு தேற்றினார்கள். எம்பிரியோவுக்கு வயதாகாது சரி. இருக்கிற எம்பிரியோ ஒட்டாமல் போய் மறுபடி முட்டை எடுக்க வேண்டி வந்தால் அப்போது கணக்கில் வருவது என் வயதுதானே, அதை யாரும் சொல்லவில்லை.

மருந்தால் பலன் உண்டா என்று சோதித்தவர்கள் இல்லாமல் இல்லை. டென்மார்க்கில் ஐவிஎஃப் பெண்களில் பிறப்புறுப்பு பாக்டீரியா சமநிலை கெட்டிருந்தவர்களை எடுத்து, சிலருக்கு கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் லாக்டோபேசிலஸில் ஒரு வகையான கிறிஸ்பேட்டஸும், சிலருக்கு கிளிண்டாமைசின் மட்டும், சிலருக்கு வெறும் போலி மாத்திரை என்று குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குக் கருத்தரிப்பு கூடவில்லை. அந்த கிறிஸ்பேட்டஸ் வகை, திரும்பத் திரும்ப வரும் பிறப்புறுப்புத் தொற்றைக் குறைக்கிறது என்பதற்கு 2020ல் வந்த நல்ல ஆய்வு இருக்கிறது, ஆனால் அது தொற்றுக்கு, குழந்தைக்கு இல்லை. கடையில் விற்கும் கேப்ஸ்யூலில் அந்த வகைதான் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. என்னுடையதில் இல்லை, டப்பாவைத் திருப்பிப் படித்தேன்.

ஆராய்ச்சியே மோசடி என்று நான் சொல்லவில்லை, நாளைக்கே இதில் உருப்படியாக ஏதாவது வரலாம். முடியாத ஆராய்ச்சியை முடிந்ததுபோல் விற்பதுதான் வயிற்றெரிச்சல். இதோடு சேர்த்துக் குழப்பக்கூடாத விஷயம் ஒன்று: கர்ப்பப்பை உள்சுவரில் நாள்பட்ட அழற்சி, டாக்டர்கள் க்ரானிக் எண்டோமெட்ரைட்டிஸ் என்பார்கள். அதற்கு அதே மாதிரி சதையை எடுத்து சிடி138 என்ற சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் அழற்சியைக் காட்டும் பிளாஸ்மா செல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். திரும்பத் திரும்ப ஒட்டாமல் போகிறவர்களுக்கு அதைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. எனக்கு அதை எடுக்கவே இல்லை, கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபியும் செய்யவில்லை. அதேபோல நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அரிப்பு என்று அறிகுறி இருந்தால் சாதாரண ஸ்வாப் டெஸ்டே போதும், ஐவிஎஃப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு மருந்து எடுத்துத்தான் ஆகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

உங்களிடம் இந்த டெஸ்டைச் சொன்னால், ரிசல்ட் எப்படி வந்தாலும் அடுத்து என்ன செய்வீர்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த மருந்தால் குழந்தை பிறப்பது கூடியதாக ஆய்வு இருக்கிறதா, இருந்தால் எத்தனை பேரில் என்று கேளுங்கள். டிரான்ஸ்ஃபர் எவ்வளவு தள்ளிப்போகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாதிரியில் டிஎன்ஏ போதவில்லை என்று வந்தால் பணம் திரும்புமா என்பதையும். ரிப்போர்ட் முழுதாக, எல்லாப் பக்கமும், உங்கள் கைக்கு வரவேண்டும், அது உங்கள் உடம்பின் ரிப்போர்ட்.

புது இடத்து டாக்டர் என் இரண்டு ரிப்போர்ட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை வைத்து நான் எதையும் மாற்றமாட்டேன் என்று சொல்லி சிடி138க்கு எழுதினார். அப்புறம் டிரான்ஸ்ஃபர் ஆனதா, ஒட்டியதா என்று கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள். என் ஒருத்தி ரிசல்ட் எப்படி வந்தாலும் அதை வைத்து இந்த டெஸ்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பழைய மையத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியதற்கு, மூன்றாவது பயாப்ஸிக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அடுத்து மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தையும் இணைத்து.