சரிவில் நின்ற காரும் சிவப்புச் சொட்டும்

போன வாரம் மச்சான் போனில் கேட்டான்: "பழைய ஓட்டோ கியர் கார் ஒன்னு விலைக்கு வருது, எடுக்கலாமா? உன்னோடது எப்படி ஓடுது?" போனில் சொல்லி முடிகிற கதையில்லை.

என்னுடையது 1998ஆம் ஆண்டு ஜப்பான் கார். இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் ஏழு வருடமாக ஓட்டுகிறேன். என்ஜினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் தூக்கத்தைக் கெடுத்தது வாசலில் விழுந்த சிவப்புச் சொட்டு. என்ஜின் ஒயில் என்றால் கறுத்துப் போயிருக்கும். இது கியர் ஒயிலேதான்.

கராஜ் பாஸ் கீழே படுத்துப் பார்த்தார். கியர்பொக்ஸின் அடியில் ஒயில் தேங்கும் தட்டான பேனின் முன் விளிம்பு நனைந்திருந்தது. "கஸ்கட் போயிட்டு தம்பி." பேன் ஓரத்தில் ஒயில் கசியாமல் அடைக்கும் அந்தப் பட்டையை மாற்றினோம். இரண்டே வாரத்தில் மறுபடி சொட்டு. திரும்பவும் மாற்றினார், இந்த முறை போல்ட்டை இறுக்கிய இறுக்கில் பேன் ஓரமே வளைந்துவிட்டது. அதைத் தட்டி நிமிர்த்தத் தனிச் செலவு. திட்ட வாயெடுத்தேன், ஆனால் யார் படுத்துப் பார்த்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். என் வாசல் சரிவு. கார் மூக்கைத் தாழ்த்தித்தான் நிற்கும். எங்கே கசிந்தாலும் அந்த விளிம்புக்கு இறங்கித்தான் சொட்டும்.

கடைசியில், என்ஜின் ஆறியிருக்கும்போது அடிப்பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மகளின் முகப் பவுடரைத் தூவிவிட்டு, ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விட்டேன். (பவுடர் டின்னுக்கு இன்னும் கணக்குக் கேட்கிறாள்.) வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டே போனால், கியர் ஒயிலை ஆறவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர் லைனின் ரப்பர் ஹோஸ். விறைத்துப் போய், கிளிப் பிடியே இல்லை. ஒரு சாண் ஹோஸ், இரண்டு கிளிப், அவ்வளவுதான் வேலை. சூடான கியர் ஒயிலைத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர் ஹோஸைப் போட்டால் ஊறிப் பிய்ந்துவிடும்.

அப்புறம் ஒயில் அளவு பார்க்க வேண்டுமே. இந்தக் காரில், சூடான என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு தரம் தள்ளி 'P' என்ற பார்க்கிங் இடத்தில் நிறுத்தி, சமதரையில் டிப்ஸ்டிக் என்ற அளவுக் குச்சியை உருவ வேண்டும். சமதரைக்கு எங்கே போவது? தோட்டத்து மைதானத்துக்குத்தான் போனேன். கிரிக்கெட் ஆடிய பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, என்னோடு சேர்ந்து குச்சியைக் குனிந்து பார்த்தார்கள்.

நாலு மாதமாகச் சொட்டு இல்லை. நானுஓயா ஏற்றத்தில் பனிமூட்டத்துக்குள் லொறிக்குப் பின்னால் ஊரும்போது, கிளச் மிதிக்காத சுகமே தனி.

சரி, மச்சானுக்குப் பதில்: வேண்டாம், மெனுவல் எடு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய பழைய கார் விலையைக் கொடுத்துவிட்டு நீயும் பவுடர் தூவிக்கொண்டிருக்காதே. என்னுடையதை விலை கேட்கிறாயா? கொடுக்க மாட்டேன்.