சர்வர் போட்டுத் தருபவரிடம் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

போட்டோ ஸ்டூடியோ, டிடிபி கடை, ஸ்கேன் சென்டர் என்று சொந்தமாக ஒரு லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். போன வைகாசியில் எங்கள் ஸ்டூடியோவில் ஒரு கல்யாணத்தின் படங்கள் பாதிக்கு மேல் அழிந்துபோயின. வைரஸ் இல்லை. டிஸ்க் பழுதும் இல்லை. சர்வர் அமைத்துக் கொடுத்தவர் எழுதிய இரண்டே வரிகள்தான் காரணம்.

எங்களிடம் ஒரே மாடலில் 4 டிபி டிஸ்க் இரண்டு. ஒன்றில் வேலை நடக்கும் படங்கள், மற்றதில் ஞாயிறு இரவுதோறும் அதன் நகல். அசலில் இல்லாத எதுவும் நகலில் இருந்தால் அழித்துவிடும்படி ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருளை அமைத்திருந்தார். அது பலரும் செய்வதுதான். ஆனால் எது அசல், எது நகல் என்று சொல்ல வேண்டிய எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்களை, வெறுமனே எஸ்டிபி, எஸ்டிசி என்று எழுதி வைத்துவிட்டார்.

இந்தப் பெயர்கள் டிஸ்குக்குச் சொந்தமானவை அல்ல. கணினி கிளம்பும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் முதலில் கண்டுபிடிப்பது எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி, அதற்கடுத்தது எஸ்டிசி. டாக்டர் வீட்டு வாசலில் கொடுக்கிற டோக்கன் மாதிரி. இன்றைக்கு 2-ஆம் நம்பர் வாங்கியவர் நாளைக்கு 3-ஆம் நம்பராக இருக்கலாம். எங்கள் டிஸ்குகளில் ஒன்று மதர்போர்டிலும் இன்னொன்று தனி சாட்டா கார்டிலும் மாட்டியிருந்ததால் வரிசை மாற இன்னும் வழி இருந்தது.

ஒரு சனிக்கிழமை இரவு கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் இறங்கிவிட்டது. காலையில் சர்வர் தானாகக் கிளம்பியபோது இரண்டும் இடம் மாறிவிட்டன. ஞாயிறு முகூர்த்தம், எல்லோரும் மண்டபத்தில் இருந்தோம். கவனிக்க ஆளில்லை. அன்றிரவு சர்வர் சொன்னதைச் செய்தது. ஒரு வாரம் பழைய நகலை அசல் என்று எடுத்துக்கொண்டு, உண்மையான அசலில் அந்த வாரம் ஏற்றியிருந்த இரண்டு கல்யாணங்களையும் துடைத்துவிட்டது.

திங்கட்கிழமை சர்வர் அமைத்துக் கொடுத்தவரைக் கூப்பிட்டோம். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "அண்ணே, டிஸ்க் போயிடுச்சுண்ணே. கரண்ட்டு அடிச்சிருச்சு, புதுசு போட்டாத்தான் உண்டு" என்றார். ஆண்டு ஒப்பந்தத்துக்கு 12,000 ரூபாய் ஏற்கெனவே கொடுத்திருந்தோம். புது டிஸ்குக்கு இன்னும் 11,500 ரூபாய் வாங்கினார். பழையதைத் தானே எடுத்துப்போவதாகச் சொன்னார். எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. நல்லவேளை, கொடுக்கவில்லை.

வேறொரு தம்பி வந்து, டிஸ்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் பரிசோதனை ஓட்டினான். அந்த டிஸ்கில் பழுதான இடம், அதாவது பேட் செக்டார், ஒன்றுகூட இல்லை. அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை இரண்டு நாள் ஓடவிட்டு, பெயரும் கோப்புறையும் இல்லாத படங்களாகக் கொஞ்சம் மீட்டுக் கொடுத்தான். அந்த வாரம் திருத்தியிருந்த ஆல்பம் கோப்புகளுக்குப் பதிலாகப் பழைய பிரதிகளையும் ஆர்சிங்க் எழுதியிருந்தது. அவை அழிந்த படங்கள் இருந்த இடத்திலேயே போய் விழுந்திருந்தன. ஒரு கல்யாணத்தின் மெமரி கார்டுகளை நாங்கள் இன்னும் ஃபார்மட் செய்யவில்லை, அது முழுசாகத் தப்பியது. இன்னொன்றில் தாலி கட்டும் நேரத்துப் படம் ஒன்றுகூட இல்லை. பெண்ணின் அப்பா என் முன்னால் உட்கார்ந்து அழுதார். அதை என்னால் மறக்க முடியாது.

பிறகு அந்தத் தம்பி எஃப்எஸ்டேப்பைத் திறந்து காட்டினான். மேலே சிஸ்டம் டிஸ்குக்கு இன்ஸ்டாலர் தானே எழுதிய வரி. அதில் யூயூஐடி என்ற 36 எழுத்து அடையாளம் இருந்தது. அது பார்ட்டிஷனுக்குள்ளேயே பதிந்திருப்பது, எந்த வயரில் மாட்டினாலும் மாறாது. அதன் கீழேதான் எங்கள் ஆள் எழுதிய எஸ்டிபி, எஸ்டிசி. சரியான முறை கண்ணெதிரே இருந்தும் பார்க்கவில்லை. சாதனப் பெயர்கள் கண்டறியும் வரிசையைப் பொறுத்து மாறும், லேபிளோ யூயூஐடியோ கொடுங்கள் என்று அந்தக் கோப்பின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

இப்போது இரண்டு வரியிலும் யூயூஐடி. அசல் டிஸ்கில் மட்டும் ஒரு அடையாளக் கோப்பு வைத்திருக்கிறோம், அதை நகல் எடுப்பதிலிருந்து விலக்கியாயிற்று. அசல் என்று எடுத்துக்கொண்ட டிஸ்கில் அது இல்லாவிட்டால் நகல் எடுக்கும் வேலை அங்கேயே நின்றுவிடும். ஒன்று கவனியுங்கள்: ஒரு டிஸ்கை அப்படியே குளோன் செய்தால் யூயூஐடியும் சேர்ந்து நகலாகிவிடும். இரண்டையும் ஒரே மெஷினில் மாட்டினால் மறுபடி குழப்பம்தான். அப்படிப்பட்ட இடத்தில் டிஸ்கின் மாடலும் சீரியல் நம்பரும் சேர்த்து லினக்ஸ் தரும் பை-ஐடி பெயர்தான் நம்பகம். விண்டோஸ் வைத்திருப்பவர்களும் வெளி டிஸ்கின் ஈ, எஃப் எழுத்தை நம்பி பேக்கப் போடாதீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்கென்று ஆங்கில எழுத்து வரிசையின் கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

சர்வர் அமைத்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "ரெண்டு வருஷம் நல்லாத்தானே ஓடுச்சு" என்றார். அவர் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர் அமைத்துக் கொடுத்த இன்னும் இரண்டு ஸ்டூடியோக்கள் எங்களுக்குத் தெரியும். நேற்று நேரில் போய்ப் பார்த்தோம். இரண்டிலும் அதே எஸ்டிபி, எஸ்டிசி. ஒன்றை அங்கேயே மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம். மற்றவர், "எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லிவிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் இதைப் படித்துவிட வேண்டும்.